‘சும்மா கிடந்த’ நிலம்: சேர்வராயன் மலைப் புனங்களும் பாரம்பரிய வேளாண்மை என்கிற கதையாடலும்

‘பாரம்பரியப் பயிர்ச் சுழற்சி’ என்கிற தொடர் இப்போது எல்லோர் வாயிலும் புழங்குகிறது. இயற்கை வேளாண்மைக் கூட்டம், சிறுதானியக் கண்காட்சி, பல்கலைக்கழகக் கருத்தரங்கு, அரசுத் துண்டறிக்கை என்று எங்கே போனாலும் ஒரே கதைதான். நம் முன்னோர் மண்ணை அறிந்தவர்கள். தானியத்துக்குப் பின் பயறு, பயறுக்குப் பின் எள், பிறகு நிலத்துக்கு ஓய்வு என்று பயிரை மாற்றி மாற்றி வைத்தவர்கள். வெள்ளைக்காரன் வந்தான், கெட்டது. இதைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் கதையின் வாக்கியங்களை இலக்கணமாகப் பிரித்துப் பாருங்கள். ‘பயிர் சுழன்றது’, ‘மண் ஓய்வெடுத்தது’, ‘ஞானம் கைமாறியது’. எழுவாய் எல்லாமே பயிரும் மண்ணும் ஞானமும். கொத்திய கை எங்கே? எரித்த கை, பரண் மேல் உட்கார்ந்து கிளி விரட்டிய கை, உரலில் போட்டுக் குத்திய கை எங்கே? பயிர் தானாகச் சுழல்வதில்லை. யாரோ சுழற்றினார்கள், பெரும்பாலும் வேறு யாருக்கோ.

இந்தக் கேள்வியை ஒரு குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்தில் வைத்துப் பார்க்க நினைக்கிறேன். இடம் சேலத்துச் சேர்வராயன் மலை. காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. ‘பாரம்பரியம்’ என்று பொதுவாகப் பேசினால் யாருக்கும் வலிக்காது. தலைச்சோலை, நாகலூர், செம்மடுவு, வெள்ளக்கடை, மாரமங்கலம் என்று ஊர்ப்பெயர் சொல்லிப் பேசும்போதுதான் யார் நிலம், யார் வேலை, யார் கணக்கு என்கிற சிக்கல்கள் எழும்பும்.

முதலில் ஒரு வேடிக்கை. ஏற்காட்டைப் பற்றிய சுற்றுலா எழுத்துகளில் பல ஆண்டுகளாக ஒரு வாக்கியம் சுற்றி வருகிறது: சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1842இல் ஏற்காட்டைக் ‘கண்டுபிடித்தார்’. மன்றோ 1827இல் காலராவில் செத்துப் போனவர். செத்துப் பதினைந்து வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் மலை ஏறிக் கண்டுபிடிக்கிறான். அந்த மலையில் அப்போதே ஊர் ஊராகக் குடியிருந்த மலையாளிகளுக்குத் தங்கள் மலை எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை போலும்! இதை வெறும் ஆண்டுப் பிழை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. கண்டுபிடிப்பவர் வெள்ளைக்காரராக இருந்தால் அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்கிற நிபந்தனைகூடத் தேவைப்படவில்லை என்பதுதான் இந்தப் பிரதியின் தர்க்கம். நாமும் அதைக் கேள்வியில்லாமல் படித்து வந்திருக்கிறோம்.

இங்கே மலையாளிகள் என்றால் கேரளத்தார் அல்லர் என்பதை வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்லப்படும் தமிழ் பேசும் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியவன் சேர்வராயனுக்கும் மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனதாக அவர்களுடைய கதை. காராளர் என்று சொல்லிக்கொள்வதும் உண்டு. 1909இல் எட்கர் தர்ஸ்டன் தொகுத்த சாதிகள்-பழங்குடிகள் தொகுதிகளில் இந்தக் கதை பதிவாகியிருக்கிறது. தர்ஸ்டனுக்கு இதில் ஒரு தடுமாற்றம். இவர்கள் ‘உண்மையான’ பழங்குடியா, மலையேறிய சமவெளிக்காரர்களா? அவருக்கு முன்னும் பின்னும் எழுதியவர்கள் எல்லோரும் இந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில் இவர்களை அடைக்கப் பார்த்தார்கள்.

இவர்களுடைய வேளாண்மையும் அப்படித்தான், எந்தப் பெட்டியிலும் அடங்காது. சரிவு கூடின இடத்தில் காட்டை வெட்டிக் காயவிட்டு எரித்துக் கொத்தால் கிளறி விதைப்பது கொத்துக்காடு. சரிவு குறைந்த இடத்தில் மாடு பூட்டி உழுவது உழவுக்காடு. பள்ளத்தில் நீர் நிற்கும் இடத்தில் கொஞ்சம் நெல். மூன்றும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்க முடியும். வெரியர் எல்வின் 1939இல் எழுதிய பைகா மக்கள் நிலத்தாயின் மார்பைக் கலப்பையால் கிழிக்க மாட்டோம் என்று மறுத்தவர்கள். அந்த மாதிரிக் காவிய மறுப்பு எதுவும் சேர்வராயனில் கிடையாது. ஏர் எங்கே போகுமோ அங்கே ஏர், போகாத இடத்தில் கொத்து. நம்முடைய சுற்றுச்சூழல் எழுத்தாளர்களுக்கு இந்த மக்கள் அவ்வளவாகப் பிடிக்காமல் போனதற்கு இது ஒரு காரணமோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. புனிதமான ஆதிவாசி வேண்டும் என்று போனால் கலப்பையோடு நிற்கிறான்!

சுழற்சிக்கு வருவோம். எரித்த புனத்தின் சாம்பல் முதல் மழையில் மண்ணோடு கலக்கும். அந்தக் கொழுப்பைத் தின்னக்கூடிய பயிர் முதலில். கேழ்வரகு போல ஒன்று. அதோடு கலந்து அவரை, துவரை, கடுகு. சத்துக் குறைந்த பிறகு சாமை. அது எதையும் கேட்காத பயிர். கடைசியில் கொள்ளு அல்லது பேயெள்ளு. அப்புறம் நிலத்தை விட்டுவிடுவார்கள். இந்த வரிசை மலைக்கு மலை, ஊருக்கு ஊர் மாறும். ஆனால் தர்க்கம் ஒன்றுதான்: பசியுள்ள பயிர் முன்னால், பொறுமையான பயிர் பின்னால், அதற்குப் பின் காடு. விட்ட நிலத்தில் புல், முள், புதர், மரம் என்று ஏறி வரும். ஆடு மாடு மேயும், விறகு கிடைக்கும், கிழங்கும் தேனும் மருந்தும் கிடைக்கும். பல ஆண்டு கழித்து வெட்டினால் மறுபடி சாம்பல். ஆக இந்தச் சுழற்சியில் மிக நீண்ட பயிர் காடுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் மலைவேளாண்மையைப் பற்றி ஒரு வரியும் எழுத முடியாது; ஆனால் எழுதினார்கள், தொகுதி தொகுதியாக.

கீழே, சமவெளியில் வேறு கதை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இன்றும் ‘அக்கடி’ என்கிற சொல் உண்டு. ராகிக் கொல்லையில் இத்தனை சாலுக்கு ஒரு சால் அவரையோ துவரையோ விடுவது. அங்கே மாற்றம் ஒரே வயலுக்குள், ஒரே பருவத்துக்குள் நடக்கிறது. மலையில் மாற்றம் நிலம் விட்டு நிலம் நகர்கிறது. சமவெளிச் சுழற்சியைக் கணக்குப் புத்தகத்தில் எழுத முடியும். மலைச் சுழற்சியை எழுத முடியாது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கும்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடு பொறுப்பேற்றார். அவருக்குக் கீழே 1799 வரை இளம் மன்றோ. ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் கருக்கொண்டது. நிலத்தை அளந்து, எண் கொடுத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ரயத்து, ஒவ்வொரு ரயத்துக்கும் ஒரு தீர்வை. மிட்டாதாரனும் குத்தகைக்காரனும் இல்லாமல் உழவனோடு நேரடியாகப் பேசும் முறை என்று இதைப் புகழ்ந்தவர்கள் உண்டு. இருக்கட்டும். அது எந்த உழவனோடு பேசியது? இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அதே எண்ணில் நிற்கும் உழவனோடு. அடங்கலில் ஒவ்வொரு பசலிக்கும் ஒரு வரி: இன்ன எண்ணில் இன்ன பயிர். பயிர் இல்லையென்றால் ‘தரிசு’. பத்தாண்டுச் சுழற்சியில் மூன்றாண்டு பயிர், ஏழாண்டு காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கனின் கண்ணுக்கு அந்த நிலம் மூன்றாண்டு உயிரோடு இருந்தது, ஏழாண்டு பிணம். மலையாளியின் மொழியில் ‘விட்ட காடு’ என்றால் அவன் விட்டது, அவன் திரும்பி வரப்போவது. கணக்கின் மொழியில் ‘தரிசு’ என்றால் யாருமில்லாதது. ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்குப் போகும் அந்த இடைவெளியில் மலை கைமாறிவிட்டது. 1860களில் தரிசு நிலங்களை விற்பதற்கு விதிகள் வந்தபோது, விற்பதற்கு ‘சும்மா கிடந்த’ நிலம் தயாராக இருந்தது.

இந்த அதிகாரிகள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நார்போக் நாலுபயிர் முறை என்று ஒன்று கொண்டாடப்பட்டது: கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் புல். அதன் பெருமையே நிலத்தைத் தரிசு போடாமல் ஆண்டு முழுவதும் வேலை வாங்குவது. அதே காலத்தில் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு, அதில் மாடு மேய்த்து விறகு பொறுக்கிப் பிழைத்தவர்கள் கூலிகளாக விரட்டப்பட்டார்கள். அந்த நாட்டில் ‘மேம்பாடு’ என்றாலே தரிசை ஒழிப்பது, வேலி போடுவது. அந்தக் கண்ணோடு சேர்வராயன் சரிவைப் பார்த்தால் விட்ட காடு சோம்பலாகத்தான் தெரியும். அவர்களும் பயிர்ச் சுழற்சியைப் போற்றியவர்களே! ‘பாரம்பரியப் பயிர்ச் சுழற்சி’ என்று இன்று நாம் உருகும்போது நம் காதில் கேட்பது மலையாளியின் குரலா, நார்போக் பண்ணையாரின் குரலா என்று நான் சந்தேகப்படுவது இதனால்தான்.

1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியையும் பேரிக்காயையும் கொண்டுவந்தார். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு காப்பி மலையைப் பிடித்தது. 1864இல் தென்னிந்தியக் காப்பிச் சாகுபடிக்கு ஒரு கையேடு வெளியானது. எழுதியவர் ஜான் ஷார்ட் என்கிற மருத்துவர். இதே ஷார்ட்தான் 1870ஐ ஒட்டித் தென்னிந்திய மலைத்தொடர்களைப் பற்றியும் எழுதுகிறார், சேர்வராயன் உட்பட. ஒரே கை. ஒரு புத்தகத்தில் மலையை எப்படித் தோட்டமாக்குவது, இன்னொன்றில் மலையில் இருப்பவர்கள் யார். இதில் சதி எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே சொல்லாடலின் இரண்டு பக்கங்கள் என்கிறேன். தோட்டக்காரன் காட்டை வெட்டி எரித்துக் காப்பி வைத்தால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அதற்குக் காட்டைத் ‘திறப்பது’ என்று பெயர். மலையாளி வெட்டி எரித்துச் சாமை விதைத்தால் ‘அழிப்பது’. இரண்டு பேரும் பிடித்தது அதே அரிவாள், அதே நெருப்பு. மலையாளி மூன்றாண்டில் காட்டுக்குத் திருப்பிக் கொடுத்தான். தோட்டக்காரன் இன்றுவரை திருப்பவில்லை. அழித்தவன் யார் என்பதை 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் தீர்மானித்துவிட்டது. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் நிலம் திருத்துவது, தீ வைப்பது, மேய்ப்பது குற்றம். அடுத்த ஆண்டே, 1883இல், லெ பானுவின் சேலம் மாவட்டக் கையேடு வெளிவருகிறது. சட்டமும் கையேடும் அடுத்தடுத்து.

இனி வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் எல்லாக் கதையாடல்களும் நழுவிப் போவது இங்கேதான். காப்பிப் பழம் பறிக்கும் கார்த்திகை, மார்கழியும் மலையில் கதிர் அறுக்கும் காலமும் ஒன்றன் மேல் ஒன்று வந்து விழுகின்றன. தோட்டத்துக்கு ஆள் வேண்டிய அதே வாரத்தில் மலையாளிக்குத் தன் கொல்லையில் வேலை. அவன் தன் கொல்லைக்குப் போனான். உடனே ‘மலையாளி சோம்பேறி, நம்பத்தகாதவன்’. சோம்பேறிச் சுதேசி என்கிற கட்டுக்கதையை மலேயா, ஜாவா, பிலிப்பைன்ஸ் சான்றுகளோடு சையத் உசேன் அலதாஸ் 1977இல் உரித்துக் காட்டினார். சேர்வராயனுக்கும் அது அச்சொட்டாகப் பொருந்துகிறது. தன் பயிரைத் தான் அறுப்பவன் சோம்பேறி. அடுத்தவன் பயிரை அறுப்பவன் உழைப்பாளி.

இதற்கு மருந்தாக முன்பணமும் சட்டமும் வந்தன. 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கி, நீதிபதி முன் நிறுத்திச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. ஒப்பந்தத்தை முறித்த முதலாளிக்கு அப்படி ஒரு சிறை கிடையாது. 1903இல் தோட்டக்காரர்களுக்கென்றே சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டது. 1859ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கியது 1920களில்தான். சமவெளியிலிருந்து மேஸ்திரிகள் ஆள்பிடித்து ஏற்றினார்கள். வந்தவர்களில் தலித்துகள் கணிசம். ஆக மலையில் இரண்டு வகை உழைப்பாளிகள் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள்: கொஞ்சம் நிலமிருந்ததால் பேரம் பேச முடிந்த மலையாளி, எதுவுமே இல்லாததால் பேச முடியாத பண்ணையாள். பின்னவர்களுடைய விவசாய அறிவைப் பற்றி யாரும் எழுதவில்லை. கீழே பண்ணையில் எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது, எந்தச் சாலில் எதைக் கலப்பது என்பதையெல்லாம் கையால் அறிந்திருந்தவர் படியாள். ‘பாரம்பரிய அறிவு’ என்கிற பட்டத்தை வாங்கிக்கொண்டது நிலக்காரர் குடும்பம்.

1876-78 பஞ்சத்தைத் தாண்டிப் போக முடியாது. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்து 66 ஆயிரம் பேர். 1881இல் ஏறக்குறைய 16 லட்சம். சாமையும் ராகியும் புழு விழாமல் ஆண்டுக்கணக்கில் குதிரில் கிடக்கக்கூடியவை. பஞ்சத்தைத் தாங்கத்தான் அந்தச் சுழற்சி ஏற்பட்டது என்றுகூடச் சொல்லலாம். தானியம் குதிரில் இல்லாமல் போனதற்கு மழையை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. தீர்வையைக் காசாகக் கட்ட வேண்டியவன் குதிரை நிரப்பி வைக்க முடியாது, சந்தைக்கு ஏற்றித்தான் ஆக வேண்டும். பஞ்ச ஆண்டுகளிலும் தானியம் ரயிலேறிக்கொண்டிருந்தது. இதற்கெல்லாம் பிறகுதான் வோல்க்கர் என்கிற வேதியியல் அறிஞர் 1889இல் வந்து சுற்றிப் பார்த்து, இந்திய உழவனுக்குப் பயிர் மாற்றமும் கலப்புப் பயிரும் நன்றாகவே தெரியும் என்று 1893 அறிக்கையில் பாராட்டினார். நம் இயற்கை வேளாண் நண்பர்கள் இந்தச் சான்றிதழை அடிக்கடி நீட்டுகிறார்கள். லட்சக்கணக்கில் செத்த பிறகு கிடைத்த சான்றிதழ் அது.

இலக்கியக்காரர்களான நாமும் இதில் பங்காளிகள். குறிஞ்சி என்றவுடன் தினைப்புனம், கிளி கடியும் பெண், வந்து நிற்கும் தலைவன். களவின் இனிமை என்று உரை சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தக் கவிதைகளின் கடிகாரம் எது? தினை முற்றுவது. கதிர் கொய்தால் காவல் முடிந்தது, காவல் முடிந்தால் சந்திப்பு முடிந்தது, பெண் வீட்டுக்குள் போனாள். அறுவடை நாள்தான் அங்கே கதைத்திருப்பம். ஒரு பெண்ணின் வேலைநாட்கள் அப்படியே காதலின் காலமாக வாசிக்கப்படுகின்றன. புனம் காத்தல் ஒரு வேலை, பனியிலும் வெயிலிலும் தொண்டை வறளக் கத்துகிற வேலை என்பது ‘உரிப்பொரு’ளுக்குக் கீழே போய்விட்டது. மலையாளிகளைச் சங்கக் குறவர்களின் நேர்வாரிசு என்று நான் சொல்லவில்லை, அவர்களே காஞ்சிபுரம் என்கிறார்கள். ஆனால் பரணும் கவணும் இரவுக்காவலும் அங்கேயும் இருந்தன. காட்டுப்பன்றிக்குக் காதல் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன் மலையில் ஒரு ஊரில் நாங்கள் நாலைந்து பேர் சிறுதானியத்தின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் இருந்த ஒரு பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “எல்லாஞ் சரிதான் சாமி. அந்தச் சாமைய ஆரு குத்துறது? கோழி கூப்புடறப்ப ஒலக்கையப் புடிச்சா வெள்ளி மொளைக்கிற வரைக்கும்... எங்காத்தா நெஞ்சு வலின்னுதான் செத்துச்சு. நீங்க குத்துவீங்களா?” என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கோழி கூவும் நேரத்துக்கு முன்பே வெள்ளி முளைத்திருக்கும் என்று எங்களில் ஒருவர் திருத்தப் போனார். “கோழி கூப்புட்டு, குத்தி, பொடச்சு, மறுநா வெள்ளி வரைக்கும்” என்று விளக்கினார் பாட்டி. ஒரு நாள் முடிந்து இன்னொரு நாள் தொடங்காத வேலை அது.

சாமையின் தோல் தடித்தது, குத்திக் குத்தித்தான் எடுக்க வேண்டும். மரவள்ளியும் ரேஷன் அரிசியும் வந்தபோது சிறுதானியம் ஏன் அவ்வளவு சீக்கிரம் சரிந்தது என்பதற்குச் சேலத்துச் சேகோ ஆலைகளை மட்டும் காரணம் காட்டுவது பாதி உண்மை. 1943 வாக்கில் தொடங்கிய அந்தத் தொழில் கொல்லிமலைவரை மரவள்ளியை ஏற்றியது உண்மை. மீதிப் பாதி, பெண்கள் உலக்கையைக் கீழே போட்டார்கள். அதை ஒரு மறுப்பாக வாசிக்க நம்முடைய பாரம்பரியக் கதையாடலில் இடமே இல்லை. ‘நவீன மோகம்’ என்கிற ஒரே ஒரு அறைதான் இருக்கிறது, பெண்களை அதில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறோம். சிறுதானியத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பவர்கள் முதலில் ஊருக்கு ஊர் தோலுரிக்கும் இயந்திரத்தைக் கேட்க வேண்டும். கொல்லிமலையில் விதை காக்கும் வேலையில் இறங்கியவர்கள் இதை உணர்ந்து இயந்திரம் கொண்டுபோனார்கள் என்பதால்தான் அந்த முயற்சி மேடைப்பேச்சுகளைவிட நிலைத்தது.

ஒரு எதிர்வாதம் வரும். மக்கள்தொகை கூடிவிட்டது, பத்தாண்டு விட்டுவைக்க நிலம் எங்கே, பழைய சுழற்சி தானாகவே செத்திருக்கும் என்பார்கள். எஸ்டர் போசெரப் 1965இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஆள் கூடக்கூட விடுப்புக்காலம் குறையும், வேலை கூடும், முறை மாறும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேர்வராயனில் விடுப்புக்காலம் குறைந்தது ஆள் பெருகியதால் மட்டுமா? ஒரு பக்கம் தோட்டத்து வேலி, மறுபக்கம் வனத்துறையின் எல்லைக்கல், இரண்டுக்கும் நடுவே ஊர். பத்தாண்டுக்கொருமுறை சுற்றிய வட்டம் ஐந்தாண்டாக, மூன்றாண்டாகச் சுருங்கியது, மண் அரித்தது, அரித்த மண்ணைக் காட்டி ‘பார், இவன் அழிக்கிறான்’ என்றார்கள். கயிற்றை இறுக்கிவிட்டு நாக்குத் தள்ளுகிறதென்று குற்றம் சொல்வது போல.

பின்னாளில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இதே மலையின் தலையைச் சீவிப் பாக்சைட் எடுத்தார்கள். அதற்கு ‘அழிப்பது’ என்கிற வினைச்சொல் அரசு ஏடுகளில் பயன்பட்டதாகத் தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டோடு இது முடிந்த கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தேதி. 1992 ஜூன் 20. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி, மலையாளிப் பழங்குடிகளின் ஊர். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று நுழைந்தவர்கள் மூன்று துறையினர்: வனம், காவல், வருவாய். 18 பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, கிணற்றில் செத்த ஆட்டையும் எண்ணெயையும் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள். காட்டைக் கணக்கெழுதியவர், காட்டைக் காத்தவர், காட்டுக்குள் ஆள்பிடித்தவர் என்று நூறாண்டுக்கு முன் தனித்தனியாக வந்த மூன்று அதிகாரங்களும் அன்று ஒரே வண்டிகளில் வந்திறங்கின.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மலையாளிக் குடும்பம் இன்று நிலம் கேட்டுப் போனால், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அந்த நிலத்தைப் பயிர் செய்து வருவதற்குச் சான்று காட்ட வேண்டும். விட்ட காட்டுக்கு என்ன சான்று காட்டுவது? பழைய அடங்கலில் அந்த வரிக்கு நேரே எழுதியிருப்பது ‘தரிசு’. சட்டம் ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியையும் சான்றாக ஏற்கலாம் என்கிறது. கிராமசபையில் உட்கார்ந்து, எந்தச் சரிவில் எந்த ஆண்டு சாமை, எந்த ஆண்டு கொள்ளு, எப்போது விட்டோம், விட்ட பிறகு அங்கே யார் மாடு மேய்த்தார், யார் கிழங்கு தோண்டினார் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். எழுதத் தெரிந்த நண்பர்கள் நோட்டுப் புத்தகத்தோடு இந்தக் கோடைக்குள் போனால் நல்லது.